ராஜமலையில் ஒரு பகல்

மலைக்குப் போவதென்றால் நம்மவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். பெரும்பாலும் அந்தக் காரணம் மலையுச்சியில் கோயில் கொண்டிருக்கும். பழனிக்குப் போகிறோம், திருப்பதிக்குப் போகிறோம், மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போகிறோம். சுவாமி தரிசனமும் இல்லாமல், பஞ்சாமிர்தமும் இல்லாமல், வெறும் மலையைப் பார்த்துவிட்டு வருவதற்காக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஸ்நானம் செய்கிறவர்களின் புத்தி ஸ்வாதீனத்தைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் இருந்து வந்தது. சென்ற தை மாதத்தில் நானே அந்தக் கூட்டத்தில் ஒருவனாகச் சேர்ந்துவிட்டேன்.

தேனிக்கு அருகேயுள்ள ஒரு கல்லூரியில் தாவர சாஸ்திரம் போதிக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஒரு நாள் அவர் வந்து, "மாணவர்களை அழைத்துக்கொண்டு மூணாறுக்கு ஆடு பார்க்கப் போகிறேன், நீங்களும் வருகிறீர்களா?" என்று கேட்டார்.

"ஆடு பார்ப்பதற்கு மூணாறு எதற்கு? எங்கள் தெருவிலேயே தினம் சுவரொட்டி தின்றுகொண்டு நிற்கிறதே!" என்றேன்.

"இது சுவரொட்டி தின்கிற ஆடு அல்ல, வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு."

"அப்படியானால் அதைப் பார்க்க ஏன் கேரளத்துக்குப் போகிறீர்கள்?"

நண்பர் சிரித்தார். "அந்த ஆட்டுக்கு எல்லைக்கோடு தெரியாது. உலகத்திலேயே அது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியில் மட்டுந்தான் வசிக்கிறது. மொத்தமாக எண்ணினால் சுமார் 3,000 இருந்தால் அதிகம். அவற்றில் மிகப் பெரிய கூட்டம் இரவிகுளம் தேசியப் பூங்காவில் இருக்கிறது. பிப்ரவரி முதல் தேதி பூங்காவின் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆடுகள் குட்டி போடுகிற காலம் அது. இரண்டு மாதத்துக்கு மனுஷ்யர் முகத்தில் விழிக்கவேண்டியதில்லை என்று ஏற்பாடு. அதற்குள் போய்வர வேண்டும்" என்றார்.

பிரசவத்துக்காக ஒரு மலையையே மூடிவைக்கும் ராஜ்யத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கும் ஆசை உண்டாயிற்று.

மலை ஏறிய கதை

இருபது மாணவிகள், பதினான்கு மாணவர்கள், நண்பர், நான் ஆக முப்பத்தாறு பேர். போடிநாயக்கனூரைத் தாண்டும்போது இன்னும் பொழுது புலரவில்லை. ஊர் முழுதும் ஏலக்காய் வாசனை தூக்கத்திலும் வீசிக்கொண்டிருந்தது. அப்புறம் போடிமெட்டு மலைப்பாதை ஆரம்பமாயிற்று. கொண்டை ஊசி போல் வளைந்த திருப்பங்கள் பதினேழு. முதல் ஐந்து திருப்பம் வரையில் பையன்கள் பாட்டுப் பாடினார்கள். பத்தாவது திருப்பத்தில் பாட்டு நின்றது. பதினான்காவதில் எலுமிச்சம்பழத்துக்குக் கிராக்கி ஏற்பட்டது. நான் மட்டும் கம்பீரமாக உட்கார்ந்திருந்ததாக நேயர்கள் நினைத்துக்கொண்டால் அதை மறுத்துச் சொல்ல மாட்டேன்.

இந்தப் பக்கத்துப் பாதைகளில் நம் ஜனங்கள் ஏறத் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1877இல் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். பிறகு தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆள் வேண்டியிருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணிமார் ஜனங்களைத் திரட்டிக்கொண்டு வந்தார்கள். தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாகப் போடியிலிருந்து அவர்கள் நடந்தே ஏறினார்கள். அவர்கள் கிள்ளிய தேயிலை பின்னால் டாப் ஸ்டேஷன் என்னும் இடத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கிற்று. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு சிறு ரயில்கூட ஓடியது. 1924ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது.

நண்பர் இந்தச் சரித்திரத்தைப் பஸ்ஸில் எழுந்து நின்று சொல்லிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் பாதி கேட்டார்கள், பாதி தூங்கினார்கள். எனக்கு முன் ஆசனத்தில் ஜன்னலோரமாக இருந்த பெண் ஒருத்தி இரண்டும் செய்யவில்லை. அவள் வெளியே பார்த்துக்கொண்டேயிருந்தாள். தலை சுற்றல் முதலிய உபத்திரவம் எதுவும் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"உனக்கு இந்தப் பாதை பழக்கமோ, அம்மா?" என்று கேட்டேன்.

"எங்கள் ஊர் மூணாறு எஸ்டேட் ஐயா. விடுதியில் தங்கிப் படிக்கிறேன். விடுமுறைக்கெல்லாம் இந்த வழியாகத்தான் போவேன்" என்றாள்.

"அப்படியானால் வரையாடு நிறையப் பார்த்திருப்பாயே?"

"பார்த்திருக்கிறேன்" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

சோலையும் புல்லும்

மூணாறில் இட்டிலி சாப்பிட்டுவிட்டு அஞ்சாம் மைல் போய்ச் சேர்ந்தோம். பூங்காவின் வாசல் அதுதான். சொந்த வண்டிகளை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வனத்துறையாரின் பஸ்ஸில்தான் மேலே ஏறலாம். பைகளைச் சோதித்தார்கள். பிளாஸ்டிக் பைக்கும் தீனிப் பொட்டலத்துக்கும் உள்ளே இடமில்லை. மாணவர் ஒருவர் ஒரு வாரத்துக்குப் போதுமான முறுக்கு கொண்டுவந்திருந்தார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுப் போகும் தாயின் முகபாவத்துடன் அவர் அதைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

பஸ் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறிற்று. தேயிலைச் செடிகள் ஒரே உயரத்தில், கத்தரித்துவிட்ட கிராப்புத் தலையைப் போல், மலை மலையாகப் படர்ந்து கிடந்தன. திடீரென்று ஓரிடத்தில் அந்தக் கிராப்பு முடிந்தது. அதற்கு மேல் வெறும் புல்லும் கரும்பாறையும் ஆகாயமும்தான். அந்த இடம் ராஜமலை.

இரவிகுளம் பூங்காவின் மொத்தப் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். அதில் நம்மைப் போன்றவர்கள் நடந்து பார்க்கலாம் என்று விட்டிருப்பது ராஜமலையிலுள்ள சிறு துண்டு மாத்திரமே. இமயமலைக்குத் தெற்கே இந்தியாவில் எல்லாவற்றிலும் உயரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இந்தப் பூங்காவுக்குள்தான் நிற்கிறது. அன்று மேகம் ஒரு கணம் விலகியபோது தரிசனம் தந்தது. யானையின் மத்தகம் என்றால் மத்தகமேதான்! "அதில் ஏறலாமா, ஸார்?" என்று ஒரு பையன் கேட்டான். ஏற முடியாது; சாதாரணப் பிரயாணிகளுக்கு அனுமதி இல்லை. கண்ணால் பார்த்துக் கையால் கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். மலையும் ஒரு வகையில் சுவாமியாகத்தான் இருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

நண்பர் தம் பாடத்தை ஆரம்பித்தார். மேடெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் இருண்ட காடு. அந்தக் குள்ளக் காட்டுக்குச் சோலை என்று பெயர். உலகத்துத் தாவர நூல்களிலெல்லாம் இன்று அந்தத் தமிழ்ச் சொல்லையே எழுதுகிறார்கள் என்று கேட்டபோது பிள்ளைகளின் முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றிற்று. மழை பெய்யும்போது புல்லும் அதன் அடியிலுள்ள கரிய மண்ணும் பஞ்சைப் போல் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. சோலை அதைச் சொட்டுச் சொட்டாக ஓடைக்குக் கொடுக்கிறது. கோடையிலும் மலையாறுகள் வற்றாத ரகசியம் இதுதான். புல்வெளி தரிசு நிலம் என்று எண்ணி யூகலிப்டஸும் சீகையும் நட்ட இடங்களில் என்ன நேர்ந்தது என்பதையும் அவர் சொன்னார். அங்கே புல் போயிற்று. புல்லோடு ஆடும் போயிற்று.

குறிஞ்சி பூக்கும் காலமல்ல அது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மலையை நீலமாக்கும் அந்தப் பூ 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030இல்தான். பூவில்லாத குறிஞ்சிச் செடியை நண்பர் தொட்டுக் காட்டினார். "2030இல் நீங்களெல்லாம் எங்கே இருப்பீர்கள்?" என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. இருபது வயதில் அது கொஞ்சம் கஷ்டமான கேள்விதான்.

கனவான்கள் வந்தார்கள்

எதிரே ஒரு பாறை. அதன் மேல் இன்னொரு பாறை இருப்பதாக எண்ணினேன். அந்த இரண்டாவது பாறை தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது.

முதுகில் வெள்ளி பூசினாற்போல் ஓர் அடையாளம், பின்னோக்கி வளைந்த கொம்பு, கரும்பழுப்பு மேனி. கிழட்டுக் கிடாய்க்குத்தான் அந்த வெள்ளி முதுகு உண்டாகுமாம். அதற்குச் சற்றுக் கீழே பெட்டைகள் ஏழெட்டு மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றின் காலடியில் பிறந்து சில நாட்களே ஆன குட்டி ஒன்று நின்றது. கீழே பார்த்தால் தலை சுற்றுகிற செங்குத்துப் பாறையில் அது இரண்டு தடவை துள்ளிக் குதித்துவிட்டுத் தாயிடம் போய்ப் பால் குடித்தது. பதினான்காவது கொண்டை ஊசியில் எலுமிச்சம்பழம் கேட்டவர்களெல்லாம் வெட்கித் தலை குனிந்தோம்.

ஆச்சரியம் என்னவென்றால், அவை எங்களைக் கண்டு ஓடவில்லை. பத்தடி தூரத்தில் பாதையைக் கடந்து நிதானமாகச் சென்றன. இந்தத் தைரியம் எப்படி வந்தது? இங்கேதான் ஒரு வேடிக்கையான சரித்திரம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகள் வேட்டைப் பிரியர்கள். வேட்டைக்கு மிருகம் மிஞ்சவேண்டுமே என்று அவர்கள் சங்கம் அமைத்தார்கள். கணக்கு வைத்துச் சுட்டார்கள். மற்றவர் சுடாதபடி முதுவர் குடியினரைக் காவலுக்கு வைத்தார்கள். நாளடைவில் வேட்டை ஓய்ந்தது, காவல் நின்றது. முதுவர்கள் மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்துகொண்டு இந்த மலைக்கு வந்ததாகத் தங்கள் பரம்பரையைச் சொல்லிக்கொள்கிறவர்கள். ஆட்டின் வழியும் காட்டின் வழியும் அவர்களுக்குத் தெரிந்ததைப் போல் வேறு யாருக்கும் தெரியாது.

1971இல் கேரள அரசு சட்டம் செய்து, கம்பெனியிடமிருந்த நிலத்தில் சாகுபடிக்கு வராத பெரும் பகுதியைத் திரும்பப் பெற்றது. 1975இல் இந்த மலை சரணாலயமாயிற்று. 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. துப்பாக்கிச் சத்தம் கேளாமலே பல தலைமுறை ஆடுகள் பிறந்து வளர்ந்துவிட்டன. நம் சங்கப் புலவர்கள் வருடை என்று பாடிய பிராணி இதுவே என்பார்கள். பெயரில் ஆடு என்று இருந்தாலும் இது செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று 2005இல் மரபணு ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். உறவு யாராயிருந்தால் என்ன? வீடு பத்திரமாக இருக்கிறது. இந்த மலையில் அதற்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஐந்து நிமிஷம்

திரும்புவதற்கு மணியாயிற்று. நண்பர் எல்லோரையும் பஸ்ஸுக்குப் போகச் சொன்னார். அப்போது அந்த ஜன்னலோரத்துப் பெண் முன்னால் வந்தாள்.

"ஸார், ஐந்து நிமிஷம் நிற்கலாமா?"

"ஏன் அம்மா? ஆடு இன்னும் பார்க்கவேண்டுமா?"

"இல்லை ஸார். இந்த மலைக்கு அந்தப் பக்கந்தான் பெட்டிமுடி."

சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சிலருக்கு அந்தப் பெயர் நினைவிருந்தது. சிலருக்கு இல்லை. நினைவில்லாதவர்களுக்காக அவளே சொன்னாள். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

2020ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6ஆம் தேதி இரவு. அன்று 24 மணி நேரத்தில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மின்சாரம் இல்லை, டெலிபோன் இல்லை. மேலேயிருந்து மலை பெயர்ந்து, ஓடை வழியாக இறங்கித் தேயிலைத் தொழிலாளரின் லயங்கள் மேல் விழுந்தது. லயம் என்றால் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். எல்லோரும் தூங்குகிற நேரம். வெளியுலகத்துக்குச் செய்தி மறுநாள் காலையில்தான் எட்டியது. இறந்தவர் எழுபது பேர். அவர்களில் நான்கு பேருடைய உடல் கடைசி வரை அகப்படவில்லை. கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் ஏறி வந்த குடும்பங்கள் பல. ஒரே வீட்டில் எல்லோரும் போன குடும்பங்களும் உண்டு. ராஜமலையிலேதான் அவர்களை அடக்கம் செய்தார்கள்.

"என்னோடு ஏழாம் வகுப்பில் படித்தவள் ஒருத்தி அங்கே இருந்தாள்" என்றாள் அந்தப் பெண். "அப்புறம் குவி என்று ஒரு நாய். எட்டு நாள் தேடி, தன் வீட்டுக் குழந்தை கிடந்த இடத்தை அதுதான் காட்டிக்கொடுத்தது. பேப்பரிலெல்லாம் அந்த நாயின் படம் வந்தது, ஸார்."

அவ்வளவுதான் சொன்னாள். முறுக்குக்காரப் பையன் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். மற்றவர்களும் பேசாமல் நின்றார்கள். காற்று மட்டும் புல்லைத் தடவிக்கொண்டு போயிற்று. சற்றுத் தள்ளி அந்த வெள்ளி முதுகுக் கிடாய் பாறை மேல் ஏறி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. நான் மலையைக் குறை சொல்லவில்லை. மழை பெய்தால் மலை சரியும். அது மலையின் சுபாவம். புல்லும் சோலையும் குடிக்கிற தண்ணீருக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவு மிஞ்சுகிற நாளும் உண்டு. ஆனால் அந்த நாளில் எங்கே நிற்கவேண்டும் என்று தீர்மானித்துக்கொள்ளும் சுதந்திரம் ஆட்டுக்கு இருக்கிறது. அது கெட்டியான பாறையைப் பார்த்து ஏறி நின்றுகொள்கிறது. லயத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சுதந்திரம் என்றைக்கு இருந்தது? ஓடைக்கு எவ்வளவு பக்கத்தில் லயம் கட்டுவது என்று எப்போதோ யாரோ தீர்மானித்தார்கள். அங்கே இருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

கீழே இறங்கும் பஸ்ஸில் பாட்டு இல்லை. அஞ்சாம் மைலில் முறுக்குப் பொட்டலம் திரும்பக் கிடைத்தது. அந்தப் பையன் அதைப் பிரித்து முதலில் அவளிடம் நீட்டினான். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு முறுக்கு போயிற்று.

தாயார் சொன்னது

மூணாறைத் தாண்டி ஒரு திருப்பத்தில் ஓர் அம்மாள் சாலையோரம் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கொழுந்து கிள்ளும்போது கட்டிக்கொள்கிற சாக்குப் படுதா. கையில் ஒரு பெரிய தூக்குப் பாத்திரம். பெண் எழுந்து, "எங்கள் அம்மா, ஸார்" என்றாள். பஸ் நின்றது.

தூக்குப் பாத்திரம் நிறையப் பணியாரம். முப்பத்தாறு பேருக்கும் வரும்படி கணக்குப் பண்ணிச் சுட்டிருந்தார். வேலைக்குப் போவதற்கு முன் எப்போது எழுந்து சுட்டார் என்று நான் கேட்கவில்லை. மூன்று மணிக்கு எழுந்ததைப் பெரிய சாகசமாக நினைத்துக்கொண்டிருந்தவன் அதைக் கேட்பது உசிதமாகாது.

"ஆடு பார்த்தீங்களா, ஐயா?" என்று என்னிடம் விசாரித்தார்.

"பார்த்தோம். குட்டிகூடப் பார்த்தோம். நீங்கள் உள்ளே போய்ப் பார்த்ததுண்டா?"

"டிக்கெட் வாங்கிப் போனதில்லீங்க. கொழுந்து எடுக்கையிலே மேலே பார்த்தா நிற்கும். அதுபாட்டுக்கு அது மேயும். எங்கபாட்டுக்கு நாங்க எடுப்போம்."

"இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்?"

"என் மாமியாருக்கு மாமியார் நடந்து ஏறி வந்தவங்க. அவங்க அப்பாவுக்கு இன்னும் இரண்டு வருஷந்தான் வேலை இருக்கு. ஓய்வு கொடுத்துட்டா லயத்தை விட்டுரணும்."

"அப்புறம் எங்கே போவீர்கள்?"

அந்த அம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. பணியாரம் பங்கிட்டுக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். "அவ எங்கே வேலைக்குப் போறாளோ அங்கே" என்றார்.

மகள் தாயாரின் தலையில் ஒட்டியிருந்த தேயிலைச் சருகு ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, திருப்பம் மறைக்கும் வரையில் திரும்பிப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

போடிமெட்டில் இறங்கும்போது இருட்டிவிட்டது. பதினேழு திருப்பத்தில் ஒன்றிலும் யாரும் எலுமிச்சம்பழம் கேட்கவில்லை. நண்பர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மாணவர்களை இன்றைய பிரயாணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவரச் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஆட்டைப் பற்றி எழுதச் சொல்லட்டுமா, சோலையைப் பற்றி எழுதச் சொல்லட்டுமா?" என்று யோசனை கேட்டார்.

"ராஜமலையில் யாருக்கு வீடு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று எழுதிவரச் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பஸ்ஸின் மங்கலான வெளிச்சத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.

நேயர்களே! இரவிகுளத்துக்கு அவசியம் போய்வாருங்கள். பிப்ரவரியும் மார்ச்சும் தவிர மற்ற மாதங்களில் கதவு திறந்திருக்கும். ஆட்டைப் பாருங்கள், ஆனைமுடியைப் பாருங்கள், சோலையைப் பாருங்கள். வழியிலே தேயிலைக்கு நடுவில் யாராவது நிமிர்ந்து உங்கள் பஸ்ஸைப் பார்த்தால், அவர்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கு டிக்கெட் கிடையாது.